முப்பது நொடிக்குப் பிறகு

2014 மார்ச்சில் வுல்ஃப்பெக் என்ற அமெரிக்க ஃபங்க் இசைக்குழு ‘ஸ்லீப்பிஃபை’ என்றொரு ஆல்பத்தை ஸ்பாட்டிஃபையில் ஏற்றியது. பத்துத் தடங்கள், ஒன்றிலும் சத்தமில்லை. ஒவ்வொன்றும் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் வெறும் மௌனம். இரவு படுக்கப் போகும்போது இதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தூங்குங்கள், வருகிற பணத்தில் டிக்கெட் இல்லாமல் ஊர் ஊராக வந்து வாசிக்கிறோம் என்று குழு ரசிகர்களிடம் சொன்னது. சுமார் 20,000 டாலர் சேர்ந்தது. ஸ்பாட்டிஃபை ஆல்பத்தை நீக்கிவிட்டது. குழு சொன்னபடியே இலவசக் கச்சேரிகளை நடத்தியது.

குறும்புதான். ஆனால் ஸ்ட்ரீமிங் கணக்கை இவ்வளவு தெளிவாக விளக்கிய ஆல்பம் வேறில்லை. 30 நொடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். மூன்று நிமிடப் பாட்டு, பதினைந்து நிமிட ஆலாபனை, முப்பத்தோரு நொடி மௌனம் எல்லாமே கணக்கில் ஒன்று. அந்த ஒன்றுக்கும் நிலையான விலை கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வருவது ஒரே குவியலாகச் சேர்ந்து, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எவ்வளவு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க ஒருவர் தனக்குப் பிடித்த சின்னக் கலைஞரை மட்டுமே கேட்டாலும், அவருடைய சந்தாவில் பெரும்பகுதி அவர் கேட்டே இராத நட்சத்திரங்களிடம் போய்விடும். 2024இல் இன்னொரு நிபந்தனையும் வந்தது: 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி இல்லை.

கலைஞர்களுக்குக் கதவு திறந்தது என்னவோ உண்மை. ஒரு காலத்தில் ஸ்டுடியோவும் இசைத்தட்டுத் தொழிற்சாலையும் கடை அலமாரியும் லேபிள்களின் கையில் இருந்தன. இன்று டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோக நிறுவனத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினால் படுக்கையறையில் பதிவு செய்த பாட்டும் உலகெங்கும் போய்ச் சேரும். கூடவே லேபிள் அலுவலகத்தில் பல பேர் பார்த்த வேலையும் கலைஞர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண், அட்டைப்படம், பாடல் வரிகள், யார் எழுதினார், யார் வாசித்தார் என்ற விவரம். 2015 ஜூலை முதல் உலகெங்கும் வெள்ளிக்கிழமையே ரிலீஸ் நாள். அதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களிடம் பாட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரே பாட்டு. ஆல்பங்கள் நான்கைந்து சிங்கிள்களாகத் துண்டு துண்டாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு சிங்கிளும் மறுபடி ஒருமுறை கதவைத் தட்டும் வாய்ப்பு. முழு ஆல்பம் வெளிவரும் நாளில் அதன் பாதி பழசாகியிருக்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று யோசித்து அடுக்கியவருக்கு இது சங்கடமான பேரம்.

பிழைத்தவர்கள் பெரும்பாலும் பணத்தை வேறு இடத்தில் தேடியவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராப் கலைஞர் நிப்ஸி ஹஸ்ஸல் 2013இல் ‘கிரென்ஷா’ மிக்ஸ்டேப்பை இணையத்தில் சும்மா கொடுத்தார். அதே இசையை 1,000 குறுந்தகடுகளில் மட்டும் பதித்து ஒன்று 100 டாலர் என்று விற்றார். நூறு பிரதிகளை ராப் நட்சத்திரம் ஜே-ஸி வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு பாடகி அமாண்டா பால்மர் கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கிட்டத்தட்ட 25,000 பேரிடம் சுமார் 12 லட்சம் டாலர் திரட்டினார். தலைக்கு ஐம்பது டாலருக்கும் குறைவு. இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒன்று உண்டு: இருவருக்கும் கேட்கும் கூட்டம் ரிலீஸுக்குப் பல ஆண்டுகள் முன்பே சேர்ந்திருந்தது. விளம்பரம் அந்தக் கூட்டத்தை உருவாக்கவில்லை, கூப்பிட்டது, அவ்வளவே.

அந்தக் கூட்டத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதும் சிக்கல்தான். டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்ளும் பேண்ட்கேம்ப், கலைஞர்களுக்கு மிக நெருக்கமான கடையாக இருந்தது. 2022இல் அது வீடியோகேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் கைக்குப் போனது, அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்டிரேடர் கைக்கு. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலை இழந்தார்கள். வாடகை மனையில் தென்னங்கன்று நட்ட கதை.

தமிழில் கணக்கே வேறு. எதிரே நிற்பது சினிமா. மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா 2006இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ தமிழ் ராப்புக்குப் பெரிய திறப்பு. அதில் ஊரெல்லாம் ஒலித்த ‘மடை திறந்து’ இளையராஜாவின் திரைப்பாட்டின் தோளில் ஏறி வந்தது. ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பத்தோடு அறிமுகமான ‘ஹிப்ஹாப் தமிழா’ ஆதி சில ஆண்டுகளில் திரை இசையமைப்பாளர் ஆனார். சுயாதீன ஆல்பம் இங்கே பல சமயம் கோடம்பாக்கத்தில் நீட்டும் விசிட்டிங் கார்டு. அதில் குற்றம் ஒன்றுமில்லை, வாடகை கட்ட வேண்டும்.

வேறு வழியில் போனது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த அந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. ‘மகிழ்ச்சி’ ஆல்பம் அதற்குப் பிறகுதான். மைதானத்தில் நின்று கேட்டவர்கள்தான் அதன் முதல் விநியோகஸ்தர்கள். குழுவின் ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ (2019) தந்தார். 2021இல் பாடகி தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ கோடிக்கணக்கான பார்வைகளைத் தொட்டது. மூன்றாண்டு கழித்து அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், பாட்டின் வருவாயில் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சரி என்பது அவர்கள் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. ஆனால் பார்வை எண்ணிக்கையை வைத்து யார் பையில் எவ்வளவு என்று யூகிக்க முடியாது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது.

பாட்டு ஒன்றாக இருந்தாலும் உரிமை இரண்டு: ஒலிப்பதிவு ஒன்று, அதற்குள் இருக்கும் மெட்டும் வரியும் இன்னொன்று. விநியோக நிறுவனம் வாங்கித் தருவது பொதுவாக முதலாவதற்கான பணம். இந்தியாவில் இரண்டாவதற்கான பணத்தை, வரி எழுதியவருக்காகவும் மெட்டமைத்தவருக்காகவும் வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். சங்கம். அதில் உறுப்பினராகி, பாட்டுகளைப் பதிவு செய்து, கூட்டாக எழுதியிருந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அட்டைப்படத்துக்கு மூன்று மாதம் செலவிடுகிற குழு, இந்தச் சதவீதத்தை ரிலீஸுக்கு முன் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சுவார்த்தையை வக்கீல்தான் நடத்த வேண்டியிருக்கும்.