மரத்தில் கட்டிய பெண்

ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் கதைப்படமான ‘ஃபியர் அண்ட் டிசையர்’ 1953இல் நியூயார்க்கில் வெளியானபோது அவருக்கு வயது 24. புகழ் வந்தபிறகு அந்தப் படம் யார் கண்ணிலும் படக்கூடாது என்றே விரும்பினார். கத்துக்குட்டியின் பயிற்சி என்று ஒதுக்கினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதிக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எதிரி எல்லைக்குள் விமானம் விழுந்து, ஒரு லெஃப்டினன்ட் உட்பட நான்கு சிப்பாய்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தெப்பம் கட்டி, ஆற்றோடு போய்த் தப்பிக்க வேண்டும். எந்த நாடு, எந்தப் போர் என்று படம் சொல்வதில்லை. அமெரிக்கா கொரியாவில் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்த குப்ரிக்கின் தாய்மாமன் படத்துக்குப் பணம் கொடுத்தார். கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியல் மலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு படப்பிடிப்பு. ‘லுக்’ பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்த குப்ரிக்கே ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், தயாரிப்பாளர். மூடுபனி வேண்டுமென்று பயிருக்கு மருந்தடிக்கும் கருவியால் புகையைக் கிளப்பப்போய், நடிகர்களுக்கு மூச்சுத் திணறியதாம். செலவைக் குறைக்க ஒலியில்லாமல் படமெடுத்து, பிறகு டப்பிங் செய்தார்கள். கடைசியில் படப்பிடிப்புக்கு ஆனதைவிட ஒலிக்குத்தான் அதிகம் செலவானது.

இந்தப் படத்தின் கோளாறுகளையெல்லாம் கைச்செலவுக்கில்லாத வறுமையின் கணக்கில் எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலியில்லாமல் எடுக்கப்போகும் படத்துக்குப் பேச்சு குறைவான கதை வேண்டும். குப்ரிக்கின் பள்ளித்தோழர் ஹோவர்ட் சாக்லர் எழுதித் தந்ததோ பேசித்தீராத கதை. பின்னாளில் நாடகத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு சிப்பாயும் மனசுக்குள் கவிதை சொல்கிறான். தொடக்கத்திலேயே ஒரு குரல் வந்து, இந்தப் போர் வரலாற்றில் நடந்ததல்ல, மனத்துக்குள் நடப்பது என்று விளக்கிவிடுகிறது. அதன்பின் எதிரித் தளபதியாகவும் அவருடைய உதவியாளராகவும் இந்த நால்வரில் இருவரே வேறு சீருடையில் வருகிறார்கள். கொல்லப்படுபவனும் கொல்பவனும் ஒரே முகம். எவ்வளவு நல்ல யோசனை! முன்கூட்டியே விளக்கம் சொல்லிவிட்டதால் அது நம்மைத் தொடாமல் போகிறது. இருவர் பேசும்போது யார் யாரைப் பார்க்கிறார் என்றே பிடிபடாத இடங்களும் உண்டு. கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்ற பாலபாடப் பிழை அது. அதை மன்னித்துவிடலாம்.

வாய் மூடும் இடங்களில் படம் விழித்துக்கொள்கிறது. வழியில் ஒரு குடிசை. உள்ளே எதிரிச் சிப்பாய்கள் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர்கள் பாய்கிறார்கள். கத்தி உடலில் இறங்குவதை நாம் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக ஷாட்டுகள், நடுவே குழம்பில் விழுந்த ஒரு கை. அந்தக் கை சாப்பாட்டைப் பிசைந்து இறுகுகிறது; ஒரு மனிதன் சாவது அந்த விரல்களில் தெரிகிறது. கொன்ற கையோடு அதே குழம்பைச் சாப்பிடவும் செய்கிறார்கள். போரைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? லெஃப்டினன்ட் இதற்கும் ஒரு தத்துவம் பேசுகிறார். எனக்கு ஒவ்வொரு முறையும் ஆற்றாமையாக இருக்கும்.

பிறகு அந்தப் பெண். ஆற்றங்கரையில் எதிர்ப்பட்டவளைப் பிடித்து, பெல்ட்டுகளால் மரத்தில் கட்டி, இளையவன் சிட்னியைக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் போகிறார்கள். சிட்னியாக நடித்தவர் பின்னர் இயக்குநராகப் பேர் வாங்கிய பால் மஸுர்ஸ்கி. அவர் மிகையாகத்தான் நடிக்கிறார்; குடிசையில் கொலை செய்துவிட்டு வந்தவனுக்கு அந்த மிகை பொருந்தாமலில்லை. கோமாளித்தனம் செய்து அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திவந்து குடிக்கக் கொடுக்கிறான். விர்ஜினியா லீத்துக்குக் கிட்டத்தட்ட வசனமே இல்லை. அந்த முகத்தின் குளோசப்பில் மட்டும் பயம் வேஷமில்லாமல் நிற்கிறது. கட்டை அவிழ்க்கிறான், ஓடுகிறாள், சுட்டுவிடுகிறான். அவள் விழுந்ததும் படம் அவளை விட்டுவிட்டு அவனுடைய பிதற்றலின் பின்னால் போய்விடுகிறது.

சிப்பாய்களின் நடுவே தனித்து நிற்கும் அந்தப் பெண்ணைக் குப்ரிக்கால் மறக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். 1957இல் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’யின் முடிவில் ஒரு ஜெர்மன் பெண் நடுங்கியபடி பாடுகிறாள், கூச்சல் போட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் அடங்கி, கண்ணீரோடு கூடவே முணுமுணுக்கிறார்கள். 1987இல் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’டில் மறைந்திருந்து சுட்டவள் ஒரு வியட்நாமியச் சிறுமி. குண்டடிபட்டுத் தரையில் கிடக்கிறாள், சிப்பாய்கள் சுற்றி நிற்கிறார்கள், தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறாள். 34 வருடங்களுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன படம், இந்த முறை அவள் குரல் அடங்கும்வரை அந்த அறையைவிட்டு வெளியே போகவில்லை.