கடையில் நெட்டை, களத்தில் குட்டை

2021 மே மாதம், தென் கரோலினாவின் கியாவா தீவு. பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில், 16-ஆவது ஹோலில் ஃபில் மிக்கெல்சன் அடித்த டிரைவ் 366 யார்டு போய் நின்றது. வயது 50. இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையைத் தட்டிச்சென்று, மேஜர் பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார். அவருடைய வயதுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்டது பையிலிருந்த டிரைவர். அதன் நீளம் 47.9 இன்ச். விதிப்படி உச்சவரம்பே 48 தான்.

அதே ஆண்டு அக்டோபரில், கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் ஒரு அறிவிப்பு விட்டன. விரும்பும் தொழில்முறைப் போட்டிகள் 2022 ஜனவரி முதல் 46 இன்ச் வரம்பை உள்ளூர் விதியாக வைத்துக்கொள்ளலாம். பிஜிஏ டூர் உடனே ஏற்றுக்கொண்டது. இந்த யோசனை பேச்சளவில் இருந்தபோதே மிக்கெல்சன் எரிச்சலைக் கொட்டியிருந்தார். வார இறுதியில் கிளப்பில் ஆடும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சண்டையில் பங்கு கிடையாது. நமக்கு இன்றும் வரம்பு 48 தான். நம் தலைவலி 46-க்குக் கீழே இருக்கிறது.

கடையில் உறை பிரிக்காமல் தொங்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 இன்ச், அல்லது அதற்கும் கால் இன்ச் கூடுதல். டூர் வீரர்களில் பெரும்பாலோர் ஆடுவது அதைவிடச் சுமார் ஓர் இன்ச் குட்டையான டிரைவரில். மரத் தலையும் ஸ்டீல் ஷாஃப்ட்டும் இருந்த காலத்தில் 43, 43.5 தான் வழக்கம். எடை குறைந்த கிராஃபைட் வந்த பிறகு நீளத்தைக் கூட்டுவது சுலபமாயிற்று; கூடுதல் தூரம் என்று விளம்பரத்தில் போட வசதியாகவும் ஆயிற்று. தினமும் நூற்றுக்கணக்கில் பந்தடிப்பவர் குட்டையை எடுத்துக்கொள்ள, ஞாயிறு மட்டும் வருபவருக்கு நெட்டையை விற்கிறார்கள். இது தலைகீழ் நியாயம் என்பது என் கட்சி.

நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும் என்பது பொய்யல்ல. ஆனால் உடம்பும் அதே வேகத்தில் திரும்பினால்தான் அந்தக் கணக்கு சரிவரும். நீண்ட கிளப்பைச் சுழற்றும்போது உடம்பு கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது. ஓர் இன்ச் கூட்டி மணிக்கு ஒரு மைல் கிடைத்தாலே பலருக்கு அதிகம். தூரத்தில் அது இரண்டரை யார்டு. இழப்பது எவ்வளவு? தொரட்டி நீள நீள நுனி ஆட்டம் காட்டுமே, அதேதான்: பந்து ஃபேஸின் நடுவில் படுவது குறைந்து, டோவிலும் ஹீலிலும் சிதறுகிறது.

90 மைல் வேகத்தில் ஸ்விங் செய்பவரை எடுத்துக்கொள்வோம். நடு தப்பினால் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப்போல் 1.40 மடங்குதான்; அதாவது 126 மைல். குட்டை ஷாஃப்ட்டால் ஒரு மைலை இழந்து 89 ஆகிறார். ஆனால் நடுவுக்கு அருகே பட்டு 1.46 மடங்கு கிடைக்கிறது. பந்து 130 மைலில் கிளம்பும். பந்தின் வேகத்தில் ஒரு மைலுக்குச் சுமார் இரண்டு யார்டு என்று வைத்தால், குட்டையானது எட்டு யார்டு முன்னால் போய் விழுகிறது. திசை தனிக்கதை. வலக்கைக்காரர் ஹீலில் வாங்கிய பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகும். ஃபேஸ் நேராவதற்குள் நீண்ட ஷாஃப்ட் பந்தைத் தொட்டுவிட்டால் வளைவு இன்னும் மோசம்.

ரிக்கி ஃபவுலர் 2017-இல் 43.5 இன்ச் டிரைவரோடு ஆடினார்; ஹோண்டா கிளாசிக் பட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. 2016 பிஜிஏ சாம்பியனான ஜிம்மி வாக்கர் இன்னும் இறங்கி 42-க்கே போனார். வழக்கமான 3-வுட்டைவிட அது குட்டை! அந்த எண்ணை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. தூரத்துக்குப் பஞ்சமில்லாத வீரர்கள் அவர்கள்.

மிக்கெல்சனையே பாருங்கள். 2006 மாஸ்டர்ஸில் பையில் இரண்டு டிரைவர்கள் வைத்திருந்தார். ஒன்று ஃபேடுக்கு, மற்றது டிராவுக்கு, சுமார் ஓர் இன்ச் நீளம் கூட. ஜெயித்தார். 2013-இல் மியூர்ஃபீல்டில் டிரைவரே இல்லாமல் ஓப்பனை வென்றார். நீளம் அவருக்கு மைதானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. கியாவாவின் 47.9-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு அவரைப் பின்பற்றுவதாக நினைப்பவர்கள் பாதி ஆளைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் உங்கள் நீளம் எது? உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெட்டை ஆளுக்குக் கையும் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்புறம் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் ஃபேஸைப் பார்க்கும்படி டீயில் நிறுத்துங்கள். அடித்ததும் மை ஃபேஸில் ஒட்டியிருக்கும். துடைக்காமல் பத்துப் பந்து அடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு, கையை ஓர் இன்ச் கீழே இறக்கிப் பிடித்து இன்னும் பத்து. புள்ளிகள் நெருங்கி வந்தால் விடை கிடைத்துவிட்டது. நெருங்கவில்லையென்றால் கோளாறு ஷாஃப்ட்டில் இல்லை, கோச்சிடம் போங்கள்.

அவசரப்பட்டு ரம்பத்தை எடுத்துவிட வேண்டாம். சில வாரம் இறக்கிப் பிடித்தே ஆடுங்கள். வெட்டுவதென்று முடிவானால் கிரிப் பக்கம் மட்டும் வெட்டச் சொல்லுங்கள்; நுனிப்பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் முரண்டு பிடிக்கும். புது கிரிப் செலவும் உண்டு. அரை இன்ச் குறைத்தால் ஸ்விங்வெயிட், அதாவது சுழற்றும்போது கைக்குத் தெரியும் தலையின் கனம், மூன்று புள்ளி இறங்கும். டி3-இல் இருந்த கிளப்பில் ஓர் இன்ச் போனால் சி7. கையில் தலை இருப்பதே தெரியாது. ஒரு புள்ளிக்கு இரண்டு கிராம் வீதம் 12 கிராமைத் தலையில் ஏற்றினால் பழைய கனம் திரும்பும். ஈயப் பட்டையை ஒட்டலாம்; ஸ்க்ரூ மாற்றும் வசதி இருந்தால் இன்னும் சுலபம். மொத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றாமல் ஆறு கிராமில் தொடங்கி, மீண்டும் மார்க்கரை எடுங்கள்.