பேணுதலும் புதுக்குதலும்: மாத்தளைச் சான்றுகள் வழி ஒரு திறனாய்வு

பழையனவற்றைப் பேணுதல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அதனை விஞ்ஞான முறையிற் செய்தல் வேண்டும் என்பதையும் இன்று யாவரும் உடன்படுவர். ஆயின், விஞ்ஞான முறை யாது என வினவின், பெரும்பாலோர் மருந்தையும் பொறியையுமே சுட்டுவர். மங்கிய ஓவியத்தை ஒளிபெறச் செய்யும் இரசாயனமும், சிதைந்த சுவரை நிமிர்த்தும் இயந்திரமுமே அவர்தம் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன. இக்கருத்துக் குறையுடையது. ஒரு பொருளைத் தீண்டுமுன், அதன்கண் எது காக்கத்தக்கது எனத் துணிதலும், அதன் இயல்பை அறிதலும், உள்ளதை உள்ளவாறே பதிவு செய்தலும் ஆகிய மூன்றுமே முறையின் உயிர். மருந்து அவற்றின்பின் வருவது. இவ்வுண்மையை மாத்தளை மாவட்டத்துச் சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஏட்டுச் சுவடியை நோக்குவாம். மாத்தளை நகருக்கு வடக்கே அணித்தாயுள்ள அளுவிகாரையில், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாய் வழங்கிவந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அன்று எழுதிய ஏடுகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் நூற்றொகுதியும் ஆங்கிலப் படையினரால் அழிவுற்றது. எனினும் திரிபிடகம் அழிந்திலது. யாது காரணம்? அதன் படிகள் பல நாடுகளிற் பரந்து கிடந்தமையே. ஓலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாவது. மஞ்சளும் வேப்பிலையும் எண்ணெயும் அதன் ஆயுளை நீட்டுமேயன்றி நிலைபெறச் செய்யா. ஆதலின், மீண்டும் மீண்டும் படியெடுத்தலையே முன்னோர் உறுதியான காவலாகக் கொண்டனர்.

இதற்கு மறுதலையான சான்றும் நம்மிடம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் படியுள்ளவை மீண்டும் கிடைத்தன. ஒரே படியாய் இருந்தவை என்றென்றைக்கும் மறைந்தன. பழஞ்சுவடிகள் செல்லரித்து மாய்வது கண்டு வருந்திய சி. வை. தாமோதரம்பிள்ளை அவற்றைத் தேடி அச்சேற்றியதும், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியதும், 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்து வருவதும் இவ்வுண்மையை உணர்ந்த செயல்களேயாம். ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். படி காப்பது சொல்லை மட்டுமே. எழுதினோர் கையும், ஓலையின் வகையும், கட்டிய முறையும் மூல ஏட்டிலேயே உள்ளன. படியெடுத்தபின் ஏட்டைக் கைவிடலாம் என்பார் கூற்று, எது காக்கத்தக்கது என்னும் வினாவை முழுமையாக எண்ணாததன் விளைவாகும்.

ஓவியத்தின் நிலை இதனின் வேறு. அதனைப் படியெடுக்கலாம், ஆயின் படி ஓவியமாகாது. சிகிரியாக் குன்றின் பெண்ணுருவங்கள் கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில் தீட்டப்பெற்றவை. 1967 ஒக்டோபர் மாதத்தில் தீயோர் சிலர் அவ்வுருவங்கள்மீது பச்சை வண்ணத்தைப் பூசிப் பாழ்படுத்தினர். உரோமையிலிருந்து லூசியானோ மரன்சி என்னும் இத்தாலிய நிபுணர் வரவழைக்கப்பட்டார். இந்நாட்டுத் தொல்பொருட்டிணைக்களத்தாருடன் கூடி அவர் அவ்வோவியங்களைத் துப்புரவாக்கினார். இச்செய்தியைக் கூறுவோர் பெரும்பாலும் பிறநாட்டு நிபுணரின் கைத்திறனையே வியப்பர். அதற்கு முன்னரே நிகழ்ந்த உள்நாட்டு ஆராய்ச்சியை எண்ணுவார் சிலரே.

அவ்வாராய்ச்சி யாதெனின், திணைக்களத்தின் இரசாயனவியலாளராயிருந்து 1967இல் அதன் ஆணையாளராகிய இராஜா த சில்வா, சிகிரியாச் சுவரின் சாந்தையும் வண்ணத்தையும் நுணுகிச் சோதித்தமையாம். பாறைமீது களிமண்ணும் உமியும் நாரும் கலந்த பூச்சு, அதன்மேற் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் மஞ்சள், சிவப்பு, பச்சை முதலிய மண்வண்ணங்கள் என அடுக்குகள் அறியப்பட்டன. ஈரச்சுண்ணத்தில் வண்ணத்தைப் பதிக்கும் முறையிற் செய்தனவே இவை எனப் பலர் எண்ணியிருக்க, எண்ணெயும் கோந்தும் கலந்த பிணைப்பொருளால் உலர்ந்த பரப்பில் தீட்டியவை என அவர் கண்டார். இது வெறும் ஏட்டறிவன்று. பழைய வண்ணத்தைப் பிணித்துநிற்பது சுண்ணமாயின் அதனை அசைக்காத கரைப்பான், அது எண்ணெயாயின் அசைத்துவிடலாம். புதிய பூச்சைக் கரைத்துப் பழையதைக் கரைக்காத திரவம் எது என்பதைச் சிற்றிடத்திற் சோதித்துப் பார்த்தே பேரிடத்திற் கைவைத்தல் வேண்டும். இயல்பறியாது கழுவுவோன், கெடுத்தோன் தொடங்கிய வினையை முடித்துவைப்போனே ஆவான்.

சிகிரியா பிறிதொரு சிக்கலையும் நம்முன் வைக்கின்றது. அங்குள்ள கண்ணாடிச் சுவரிற் பழங்காலப் பார்வையாளர் கீறிச் சென்ற சிங்களப் பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். எட்டாம் நூற்றாண்டு முதலாகக் கீறியவற்றை இலக்கியமெனப் போற்றும் நாம், இன்று ஒருவன் அதே சுவரிற் கீறின் குற்றமென்கின்றோம். இது முரண்பாடு போலத் தோன்றும், ஆயின் முரண்பாடன்று. பழைய கீறல் அக்காலத்து மொழியையும் மனத்தையும் அறிவிக்கும் ஒரே சான்று. புதிய கீறல் அச்சான்றை அழிப்பது. எனவே, இன்னது அழுக்கு, இன்னது ஆவணம் என்பதைப் பிரித்தறிவிப்பது வரலாற்றறிவேயன்றி இரசாயனமன்று. ஒரு சுவரைத் துப்புரவாக்க இருவரும் வேண்டும்: கரைப்பானை அறிந்தோன் ஒருவன், எழுத்தை அறிந்தோன் மற்றொருவன்.

இனி, நாலந்தாக் கெடிகே. பௌத்த வழிபாட்டுக்குரிய இக்கற்றளி தமிழகத்துப் பல்லவர் பாணியை ஒட்டிய திராவிடக் கட்டட அமைப்புடையது. இருவேறு மரபுகள் ஒரு கட்டடத்திற் கலந்துநிற்கும் அரிய சான்று இது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அமிழவிருந்தமையால், 1970களில் அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் எழுப்பப்பெற்று, 1980இல் நிறைவெய்தியது. எகிப்து நாட்டு அபு சிம்பெல் கோயில் 1968இல் இடம்பெயர்ந்து நின்றதும் இவ்வாறே. வயலுக்கு நீரும் வேண்டும், கோயிலும் வேண்டும் என்னும் நிலையில் இதனினும் நல்ல வழி அரிது. எனினும் திறனாய்வாளன் இழப்பையும் கணக்கிடுதல் வேண்டும். கல் தப்பியது, கல்லுக்கும் நிலத்துக்கும் இருந்த தொடர்பு தப்பவில்லை. அத்தொடர்பு இனிப் பிரித்தபோது எழுதிய குறிப்பிலும், வரைந்த படத்திலும், எடுத்த நிழற்படத்திலுமே வாழும். கல்லுக்கு இலக்கமிட்ட எழுதுகோலும் அதனைத் தூக்கிய பொறியைப் போன்றே ஒரு பாதுகாப்புக் கருவியாம்.

படியெடுக்கவும் இயலாது, இடம்பெயர்க்கவும் இயலாது என்னும் பொருளும் இம்மாவட்டத்தில் உண்டு. கண்டி மாவட்டத்திலும் மாத்தளை மாவட்டத்திலும் பரந்த நக்கிள்ஸ் மலைக்காடு 2000இற் பாதுகாப்பு வனமாகவும், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பெற்றது. அக்காட்டினுள் ஏலம் பயிரிட்டோர் பெருமரங்களை நிழலுக்கென விட்டுக் கீழ்ச்செடிகளைக் களைந்தனர். தொலைவினின்று நோக்குவோர்க்குக் காடு முழுமையாகவே தோன்றும். ஆயின் நாற்று முளைக்காத காட்டில் முதுமரம் வீழின் அதனிடத்தை நிரப்புவது யாது? கண்ணுக்கு நிறைவாய்த் தோன்றுவது உண்மையில் நிறைவன்று என்பதை அளந்தும் எண்ணியுமே அறிதல் கூடும். ஓவியத்துக்கும் காட்டுக்கும் பொதுவான பாடம் இஃதே.

இறுதியாக, நம் கோயில்களுக்கு வருவாம். வழிபாடு நிகழும் இடம் நூதனசாலையன்று. அது புதுக்கப்படுதல் மரபு. தம்புள்ளைக் குகைகளில் இன்று காணும் ஓவியங்களுட் பெரும்பாலன 18ஆம் நூற்றாண்டிற் பழையவற்றின்மேல் தீட்டியவையே. தஞ்சைப் பெருங்கோயிலிலும் சோழர் ஓவியத்தை நாயக்கர் கால ஓவியம் மறைத்துநின்றது, 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அதனைக் கண்டு வெளிப்படுத்தினார். சென்னை அரசாங்க நூதனசாலையின் இரசாயனவியலாளர் எஸ். பரமசிவன் அதன் சாந்தையும் வண்ணத்தையும் சோதித்தார். பிற்காலத்தில் மேலடுக்கை அழியாது பெயர்த்தெடுத்துத் தனித்தட்டுக்களிற் பொருத்தினமையால், இரு காலத்து ஓவியங்களும் பிழைத்தன. மற்றொருபுறம், தமிழ்நாட்டுக் கற்கோயில்கள் சிலவற்றில் மணலை விசையுடன் பீய்ச்சிச் சுவரைத் துலக்கியதனாற் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்தமையும் உண்டு. இரண்டும் புதிய முறைகளே. முன்னையது ஆராய்ந்தபின் தீண்டியது. பின்னையது தீண்டியபின் வருந்தியது.

எனவே, குடமுழுக்கெனத் திருப்பணி தொடங்குமுன், பழைய சுவரையும் சிற்பத்தையும் சாசனத்தையும் நிழற்படமெடுத்து, அளவெழுதி, அப்பதிவின் படிகளை இரண்டு மூன்று இடங்களிற் சேமித்தல் நம் சபைகளின் கடன். பழைய கணக்கேடுகளையும் அழைப்பிதழ்களையும் கழிவென எரிக்குமுன் வரலாறு கற்றார் ஒருவரிடம் காட்டுதலும் அத்தகையதே. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு படக்கருவியும், ஒரு குறிப்பேடும், பொறுமையுடைய மாணாக்கர் சிலரும் போதும். புதுக்குதல் ஒவ்வொரு தலைமுறைக்கும் இயலும். மறைந்ததை மீட்டல் எத்தலைமுறைக்கும் இயலாது.