டைடோ பாட்டு: எந்த வேகத்தில் அழுவது?

ஹென்றி பர்செலின் ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ ஓபராவில் அரசி டைடோ சாகுமுன் பாடும் பாட்டை யார் எடுத்தாலும் மெதுவாகத்தான் பாடுகிறார்கள். எவ்வளவு மெதுவாக என்பதில்தான் ஒவ்வொரு ஒலிப்பதிவின் தலையெழுத்தும் இருக்கிறது. கதை எளிது. காதலன் ஈனியஸ் அவளை விட்டுக் கப்பலேறிவிட்டான். கார்த்தேஜின் அரசி தோழி பெலிண்டாவின் கையைப் பற்றிக்கொண்டு, என்னை நினைத்துக்கொள், எனக்கு நேர்ந்த கதியை மட்டும் மறந்துவிடு என்கிறாள். 1689 வாக்கில் லண்டன் செல்சியில், ஜோசயஸ் பிரீஸ்ட் நடத்திய பெண்கள் பள்ளியில் மேடையேறிய ஓபரா இது.

பாட்டு ஜி மைனரில் இருக்கிறது. குரல் வருமுன் பேஸ் என்ற கீழ்ஸ்தாயி வரி தனியாக ஒரு சுற்று வருகிறது: ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ, ஈ ஃபிளாட், டி. அரை அரை ஸ்வரமாக இப்படி இறங்கி, பிறகு நாலு எட்டில் மறுபடி ஜிக்கு வந்துவிடுகிறது. ஐந்து பார் நீளமுள்ள இந்தச் சுற்று பாட்டு முழுக்க 11 முறை வருகிறது. இதே ஓபராவில் டைடோ பாடும் முதல் பாட்டும் இப்படிச் சுற்றும் பேஸின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அது நான்கு பார், சி மைனர். நான்குக்குப் பழகிய காதை இந்த ஐந்து தடுமாற வைக்கிறது. போதாததற்குக் குரலும் பேஸோடு சேர்ந்து முடிய மறுக்கிறது. பேஸ் ஜியைத் தொட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பும்போது டைடோ பாதி வாக்கியத்தில் இருக்கிறாள். விதி தன் போக்கில் போகிறது, அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. பாட்டின் முழுச் சோகமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பேன்.

இனி வேகத்துக்கு வருவோம். ஒரு பாருக்கு மூன்று மினிம், அதாவது மூன்று அரை நோட்டு. 11 சுற்று, 55 பார், ஆக 165 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 60 வைத்தால் பாட்டு 2 நிமிடம் 45 நொடியில் முடியும், 40 வைத்தால் 4 நிமிடத்தைத் தாண்டும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 60இல் 15 நொடி. 40இல் இருபத்திரண்டரை நொடி. அதற்கும் கீழே போனால், டி வந்து சேர்வதற்குள் முதலில் கேட்ட ஜி நமக்கு மறந்துபோகிறது. பேஸ் ஒரு சுற்று என்ற உணர்வே கலைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கனத்த நாதங்கள்தான் மிஞ்சும். மூன்று மினிம் கொண்ட தாளம் மும்மைத் தாளங்களிலேயே மிக மெதுவானது என்றுதான் பர்செல் காலத்து இங்கிலாந்தில் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே மெதுவாகப் பாடுவது தவறில்லை. பேஸ் நின்றுபோவதுதான் தவறு.

சுருதி விஷயமும் இதோடு சேர்ந்தது. இன்றைய பியானோவில் எல்லா அரைஸ்வரங்களும் ஒரே அளவு. பதினேழாம் நூற்றாண்டில் பரவலாயிருந்த மீன்டோன் முறையில் அப்படி இல்லை. ஜியிலிருந்து எஃப் ஷார்ப் பெரிய இறக்கம், அங்கிருந்து எஃப் சின்ன இறக்கம், அடுத்தது பெரியது, அடுத்தது சின்னது. அந்தச் சுருதியில் பேஸ் சீராக இறங்காது, நொண்டி நொண்டி இறங்கும். போதாக்குறைக்கு, பழைய கருவிகளை வைத்து வாசிக்கும் குழுக்கள் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 415இல் வைக்கின்றன. அதனால் எழுதியிருக்கும் ஜி மைனர் நம் காதில் எஃப் ஷார்ப் மைனராக, சற்றே இருண்டு விழுகிறது.

ஜெஸ்ஸி நார்மன் 1985இல் ரேமண்ட் லெப்பார்டோடு பதிவு செய்த பாட்டில் குரலின் வளம் கேட்பவரை அசத்திவிடும். ஆனால் அந்தக் குரலுக்கு வழிவிட்டுப் பேஸ் ஒதுங்கிக்கொள்கிறது. அரசியின் கம்பீரம் தெரிகிறது, அவள் கையை மீறிப் போகும் விதி தெரியவில்லை. எம்மா கிர்க்பி, ஆண்ட்ரூ பேரட்டின் டேவர்னர் குழுவோடு பாடியது நேர் எதிர்த் துருவம். மெல்லிய குரல், அசைவு குறைவு, பேஸ் தெளிவு. பள்ளிக்கூட மேடை நினைவுக்கு வரும் அளவுக்கு இளமை. பிடித்த பதிவுதான், ஆனாலும் நெஞ்சில் கனம் ஏறுவதில்லை.

ஜேனட் பேக்கர் 1961இல் ஆந்தனி லூயிஸின் கீழ் பாடியபோது அவருக்கு வயது 28. நவீன கருவிகள், நவீன சுருதி, வேகமும் குறைவுதான். இருந்தும் பேஸ் ஓர் இடத்திலும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நினைத்துக்கொள் என்று கேட்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள். பர்செல் அந்தச் சொற்களை டி என்ற ஒரே ஸ்வரத்தில் தட்டித் தட்டி நிறுத்துகிறார். பிறகு அதே கோரிக்கை மேல் ஜிக்கு ஏறுகிறது. பாட்டின் உச்சி அது. ஓபரா பாடகிகளுக்கு அங்கே நின்று குரலைக் காட்ட ஆசை வருவது இயல்பு. பேக்கர் நிற்பதில்லை. ஏறிய கையோடு பேஸின் நடையிலேயே இறங்கி வந்துவிடுகிறார். கெஞ்சலாகவும் இல்லை, கட்டளையாகவும் இல்லை. குரல் ஓய்ந்தபின் வயலின்கள் அதே அரைஸ்வர இறக்கத்தை மேலிருந்து எடுத்துக்கொள்ளும்போது, அவள் பாடி முடித்ததும் பேஸ் சொல்லிவந்ததும் ஒன்றாகிவிடுகின்றன.

சொல்லே இல்லாமலும் இந்தப் பாட்டு நிற்கும். ஒவ்வொரு நவம்பரிலும் லண்டன் செனொடாஃப் போர் நினைவுச் சின்னத்தின் முன் ராணுவ பேண்டு இதை வாசிக்கிறது.

ஒரே ஒரு பதிவுதான் வேண்டும் என்றால் 1961 பேக்கரை எடுங்கள். முதல் தடவை குரலை விட்டுவிடுங்கள், பேஸை மட்டும் 11 சுற்றும் எண்ணிக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் தடவை குரலைக் கேளுங்கள்.