எமிலியின் கோடு

கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகள். வேறு நிறம் ஒரு துளிகூட இல்லை. அகலம் எட்டு மீட்டர், உயரம் ஏறக்குறைய மூன்று மீட்டர். 1995இல், எண்பது வயதைக் கடந்துவிட்ட ஒரு மூதாட்டி, தரையில் விரித்த கேன்வாஸின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டே நாளில் இதை வரைந்து முடித்தார். ‘பிக் யாம் ட்ரீமிங்’ என்று பெயர். வரைந்தவர் எமிலி காமே உங்வாரே.

ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், யுடோபியா என்ற வறண்ட நிலப்பகுதி இருக்கிறது. அங்கே அல்ஹல்கெரே என்ற இடம் எமிலியின் பூர்விக மண். அன்மாட்ஜெரே இனத்தவர். 1910 வாக்கில் பிறந்தவர். வெள்ளையர்களின் மாட்டுப் பண்ணைகளில் உழைத்தார், ஒட்டகங்களை ஓட்டினார். கேன்வாஸில் முதன்முதலாகத் தூரிகை வைத்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயதை ஒட்டியிருக்கும்.

அதற்காக அவரைத் திடீரென முளைத்த கலைஞர் என்று எழுதுவது பெரும் பிழை. ‘அவெல்யே’ என்பது அங்குள்ள பெண்களின் சடங்கு. உடலில் கொழுப்பைப் பூசி, காவியும் வெண்மண்ணும் குழைத்து, மார்பிலும் தோளிலும் பட்டை பட்டையாகக் கோடு இழுப்பார்கள், இழுக்கும்போதே பாடுவார்கள். எந்தக் கோடு எந்த நிலத்துக்கு, எந்தச் செடிக்கு உரியது, யார் அதை இடலாம் என்பதற்கெல்லாம் முறை உண்டு. அந்த முறையைக் காத்த மூத்தவர்களில் ஒருவர் எமிலி. அந்தக் கை பல பத்தாண்டுகளாகக் கோடு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மனித உடலிலிருந்து துணிக்கு மாறியது மட்டுமே புதிது.

முதலில் வந்தது பாத்திக். 1977இல் யுடோபியாப் பெண்கள் அதைக் கற்றார்கள். மறு ஆண்டே குழுவாகத் திரண்டார்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கும் வேலை அது. மெழுகு விழுந்த இடத்தைத் திருத்துவது எளிதல்ல. எமிலியின் கோட்டில் பின்னாளில் கண்ட தயக்கமின்மைக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. 1988-89 கோடையில் கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் அந்தப் பெண்களின் கைக்கு வந்தன. எமிலி அவற்றைப் பற்றிக்கொண்டார். மிச்சமிருந்த எட்டு ஆண்டுகளுக்குள் சுமார் 3000 ஓவியங்கள்!

தொடக்கத்தில் புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மழைக்குப் பிந்தைய பாலைநிலம் பூத்ததுபோல. 1994இல் வரைந்த ‘எர்த்ஸ் கிரியேஷன்’ அந்தப் பூப்பின் உச்சம். 2017 ஏலத்தில் 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு அது விலைபோனது. விலையை விடுவோம். புள்ளிகள் கண்ணை மயக்குபவை, மறுப்பதற்கில்லை. ஆனால் எமிலியின் முழு உயரம் தெரிவது ‘பிக் யாம் ட்ரீமிங்’ என்ற அந்தக் கறுப்பு வெள்ளைக் கிழங்கு ஓவியத்தில்தான்.

தலைப்பிலுள்ள ‘யாம்’, அதாவது அந்தக் கிழங்கு, பயறு இனத்துக் கொடி. நம் உளுந்தும் பச்சைப்பயறும் சேர்ந்த அதே ‘விக்னா’ பேரினம். மண்ணுக்கு மேலே கொடியாகப் படரும். கீழே மெல்லிய கிழங்குகள் விடும். நிலம் வெடித்திருக்கும் தடத்தைப் பார்த்துப் பெண்கள் தோண்டுவார்கள். எமிலியின் பெயரிலுள்ள ‘காமே’ அதன் விதையைக் குறிப்பது. இப்போது ஓவியத்தைப் பாருங்கள். கோடுகள் வளைகின்றன, கிளைக்கின்றன, ஒன்றையொன்று கடந்து மறுபடி பின்னுகின்றன. வேர் என்றால் வேர். மண்ணின் வெடிப்பு என்றால் வெடிப்பு. அவெல்யேயில் தோளில் இட்ட கோடு என்றாலும் சரியே. எமிலிக்கு இவை மூன்றும் வேறுவேறல்ல. மேற்கத்திய விமர்சகர்கள் பலர் இதை அரூப ஓவியத்தோடு ஒப்பிட்டு வியந்தார்கள். அந்த வியப்பு நேர்மையானதுதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இங்கே அரூபம் ஏது? தோண்டித் தின்ற கிழங்கும் நடந்து தேய்த்த மண்ணும்தான் இருக்கின்றன.

எமிலி 1996 செப்டம்பரில் மறைந்தார். மறு ஆண்டு வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் ஆஸ்திரேலியாவின் சார்பில் இடம்பெற்றன. 2025இல் லண்டன் டேட் மாடர்ன் அவருக்கெனப் பெரும் கண்காட்சி நடத்தியது. ‘பிக் யாம் ட்ரீமிங்’ மெல்பர்னில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் உடைமையாக இருக்கிறது. அதன் முன் நிற்க வாய்த்தால் தள்ளி நின்று மொத்தமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஏதேனும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் கண்ணாலேயே பின்தொடருங்கள்.