பாவைப் பாட்டும் ஒரு ஜெர்மானியச் சிற்றூரும்

திருவண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் தொலைவு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பெருங்கோயில் மலைக்குக் கிழக்கே நிற்க, மறுபுறத்தில் வலப்பாதையை ஒட்டி அமைந்துள்ளது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய இடம் இதுவே என்பது மரபு. அவருக்கு இங்கே ஒரு சிறு கோயிலும் உண்டு.

அப்பாடல்களை ஜெர்மன் மொழிக்குக் கொண்டு சென்றவரும் ஒரு சிற்றூரின் மைந்தரே. வடகடலை அடுத்த கிழக்கு ஃபிரீஸ்லாந்தின் மரியன்ஹாஃபே அவ்வூர். அன்னை மரியின் பெயரால் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அதன் ஆலயம் அந்நாட்டுப் பகுதியிலேயே மிகப் பெரியதாய் விளங்கியது. கடற்பெருக்கு ஊர்வரை வந்த காலத்தில் ஆலயக் கோபுரமே கலங்களுக்கு அடையாளம். ஷ்டோர்ட்டபெக்கர் என்னும் கடற்கொள்ளையன் அங்கே அடைக்கலம் புகுந்தான் எனக் கதை வழங்குகிறது. பின்னர்க் கரைகள் எழுப்பி நிலத்தை மீட்டனர், கடல் விலகிற்று. 1829இல் ஆலயத்தின் பெரும்பகுதியை இடிக்கத் தொடங்கினர். குறுகிப் போன கோபுரம் பழம்பெருமையைச் சொல்லி நிற்கிறது.

அவ்வூரில் 1879இல் பிறந்த ஹில்கோ வியார்டோ ஷோமெருஸ், லைப்சிக் லுத்தரன் மிஷன் ஊழியராய் 1902 முதல் 1912 வரை தமிழகத்தில் வாழ்ந்தார். 1912இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஜி.யு. போப்பின் ஆங்கிலத் திருவாசகம் 1900இல் வந்தது. ஷோமெருசின் ஜெர்மன் திருவாசகம் 1923இல் யேனா நகரில் வெளிவந்தது. பிற சமயத்தின் நூலை இத்துணைப் பொறுமையோடு கற்ற உழைப்பைப் போற்றாதிருத்தல் நன்றி கொன்றதாகும்.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் சித்தாந்த நூலின் துணைத் தலைப்பில் அவர் அந்நெறியை இந்தியாவின் ஒரு மறைஞானம் என்று குறித்தார். மறைஞானம் என்றதும் மேலைநாட்டு வாசகர் மனத்தில் தோன்றுவது, தனித்திருந்து இறைவனைத் தேடும் ஓர் ஆன்மா. திருவாசகத்தின் பல பகுதிகளுக்கு அது பொருந்தும். திருவண்ணாமலையில் அருளியவை எனப்படும் திருவெம்பாவையும் திருவம்மானையுமோ மகளிர் கூடிப் பாடும் பாடல்கள். திருவெம்பாவையின் 20 பாடல்களில் தோழியர் ஒருத்தியை ஒருத்தி எழுப்புகின்றனர், கேலி செய்கின்றனர், சேர்ந்தே நீராடச் செல்கின்றனர். உறங்குபவளை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. இந்தக் கூட்டுக் குரலே பாட்டின் உயிர். கருத்தை மட்டும் தேடும் கண்ணுக்கு இது வெறும் சட்டகமாய்த் தோன்றிவிடும்.

இக்குறை அவர் ஒருவருக்கே உரியதன்று. பிறர் மறையில் நம் கொள்கைக்கு ஒத்ததைத் தேடிப் பொறுக்குவது நம்மிடமும் உள்ள வழக்கமே. கடலில் இருப்பவன் கோபுரத்தைக் கண்டு திசை அறிகிறான். அதன் நிழலில் வாழ்வோரை அறிய அவன் கரையிறங்கி வருதல் வேண்டும். மார்கழி விடியலில் அடி அண்ணாமலையில் ஒருமுறை நின்று அப்பாடல்களைக் கேட்பது, மொழிபெயர்ப்பு தரவியலாத உரையாய் நமக்கு அமையும்.