ஆணையும் நிறைவேற்றமும்: கண்ணகி ஒப்புமையின் எல்லை

காவல் துறைமீது மக்கள் சினங்கொள்ளும் போதெல்லாம் கண்ணகியை நினைவுகூர்வது தமிழர் மரபு. ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கிற்கு அவ்வொப்புமை எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய முற்படுகிறோம்.

2009இல் பதினொரு மாத மகளை முன்னாள் கணவர் கொண்டு சென்றார். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் பராமரிப்பு உரிமையைத் தாய்க்கு வழங்கியது. மகளை ஒப்படைக்காத தந்தைக்கு எதிராக 2014இல் பிடியாணை பிறந்தது. சிவில், ஷரியா நீதிமன்ற ஆணைகள் முரண்படுவதாகக் கூறிக் காவல் துறை அதனைச் செயற்படுத்தவில்லை. 2016இல் கூட்டரசு நீதிமன்றமே பிடியாணையை நிறைவேற்றுமாறு தேசியக் காவல் துறைத் தலைவரைப் பணித்தது. எனினும் அவர் பிடிபடவில்லை. காவல் துறைக்கு எதிராக இந்திரா தொடுத்த 10 கோடி ரிங்கிட் வழக்கும் 2024இல் தள்ளுபடியாயிற்று.

சிலப்பதிகாரத்தில், ஆராயாது பிறந்த ஆணை அன்றே நிறைவேறியது. பிழையுணர்ந்த மன்னன் அவையிலேயே உயிர்நீத்தான். இங்கோ, ஆராய்ந்து பிறந்த ஆணை ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதற்குப் பொறுப்பேற்றவர் எவருமிலர். கண்ணகி தேடியது தீர்ப்பு. இந்திராவிடம் தீர்ப்பு உள்ளது; நிறைவேற்றமே இல்லை. ஆகவே அவரது வழக்கைத் தாயின் கண்ணீராக மட்டும் காண்பது குறைபாடுடைய பார்வை எனலாம்.

கோலா கங்சாரை அரச நகராகக் கொண்ட பேராவுக்கு 1984இல் சுல்தானான அஸ்லான் ஷா, 1979இல் நீதிபதியாக இருந்தபோது, சட்டம் தரும் எவ்வதிகாரத்திற்கும் எல்லையுண்டு என்று தீர்ப்பில் வலியுறுத்தினார். செயற்படாமலிருக்கும் அதிகாரத்திற்கும் அவ்வெல்லை பொருந்தும் என்பதே நம் கருத்து. வழக்குரை காதையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள், தீர்ப்புக்குப் பின் நிகழவேண்டுவது யாதென்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் நன்று.